நுனியில் நிறம், செடியில் முகவரி

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் கூரம் என்று ஓர் ஊர். பட்டுச் சேலை எடுக்க வருகிறவர்கள் காந்தி ரோட்டோடு திரும்பிவிடுவார்கள். கூரம் வரை போகமாட்டார்கள். கல்வெட்டு படிக்கிறவர்களுக்கு ஊர்ப் பெயரைச் சொன்னதும் முதலாம் பரமேஸ்வரவர்மனின் செப்பேடு நினைவுக்கு வரும். வைணவர்களுக்குக் கூரத்தாழ்வான். எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்வந்தவர்களுக்குக் கூரத்து நடராசர். பட்டாம்பூச்சி பார்க்கிறவர்களுக்கு இந்த ஊரில் கிடைப்பது ஆப்பிரிக்கா.

கொலோட்டிஸ் என்று ஒரு பேரினம். வெள்ளையன்களும் மஞ்சளன்களும் அடங்கிய பியரிடே குடும்பத்தில் வருவது. 1819-இல் யாக்கோப் ஹூப்னர் என்ற ஜெர்மானியர் இதற்குப் பெயர் வைத்தார். இதில் ஏறத்தாழ 40 இனங்கள் உண்டு. பெரும்பகுதி சஹாராவுக்குத் தெற்கே, முள்மரங்களும் புல்லும் கலந்த ஆப்பிரிக்கப் புதர்வெளிகளில் வாழ்கிறது. பெரும்பாலான இனங்களில் சிறகு வெள்ளை. முன்சிறகின் நுனியில் மட்டும் ஒரு திட்டு நிறம். அந்தத் திட்டு எந்த நிறம் என்பதில்தான் வேடிக்கை எல்லாம். ஆரஞ்சு நுனி, சிவப்பு நுனி, பொன் நுனி, கந்தக மஞ்சள் நுனி, ஊதா நுனி என்று வரிசையாக உண்டு. கொலோட்டிஸ் ரெஜினா என்ற தென்னாப்பிரிக்கப் பூச்சியின் ஊதாவை ஒருமுறை வெயிலில் பார்த்தவர்கள் அதன்பிறகு மற்ற வெள்ளைப் பூச்சிகளை அலட்சியமாகத்தான் பார்ப்பார்கள்.

இந்தப் பேரினத்தில் ஏழு இனங்கள் இந்தியாவில் இருக்கின்றன. ஐந்து இலங்கையிலும் உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து அரேபியா, தென் ஈரான், சிந்து, குஜராத், தக்காணம் வழியாகத் தமிழகச் சமவெளி வரைக்கும், கடலைத் தாண்டி யாழ்ப்பாணம், மன்னார் வரைக்கும் விட்டுவிட்டு ஒரு வறண்ட பட்டை ஓடுகிறது. கொலோட்டிஸ் அந்தப் பட்டைக்குச் சொந்தமானது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடைமழைக் காட்டில் இதைத் தேடிப் பயனில்லை. பட்டாம்பூச்சி என்றாலே மலை, அருவி, ஈரம் என்று நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கொலோட்டிஸுக்கு ஏரிக்கரையும் களர்நிலமும் முள்வேலியும்தான் சொர்க்கம்.

கூரத்தில் ஏரிக்கு வரலாறே உண்டு. செப்பேட்டில் பரமேஸ்வர தடாகம் என்று பேசப்படும் ஏரியும், அதற்குப் பாலாற்றிலிருந்து நீர் கொண்டுவந்த பெரும்பிடுகு வாய்க்காலும் ஏழாம் நூற்றாண்டுச் சமாச்சாரம். தொண்டை மண்டலம் முழுக்கவே ஏரிகளால் ஆன நாடு. ஏரி என்றால் கரை இருக்கும். கரையில் கலப்பை ஓடாது. கலப்பை ஓடாத இடத்தில் என்ன முளைக்கும் என்பது இந்த அத்தியாயத்துக்கு முக்கியம்.

சங்கஞ்செடி முளைக்கும். இசங்கு, முட்சங்கு என்றும் சொல்வார்கள். ஒவ்வொரு கணுவிலும் நான்கு முள். வெள்ளையாகச் சிறு பழம். ஆடுகூட யோசித்துத்தான் வாய் வைக்கும். அதன் பக்கத்தில் விழுதி. சாம்பல் பூத்த இலை, வேலியோடு வேலியாகப் படர்ந்து கிடக்கும். நாட்டு வைத்தியத்தில் பெயர் பெற்றது. கொக்கி முள்ளோடு தொரட்டி, ஆதொண்டை. பூமிச்சர்க்கரை என்று கிழங்குக்காகத் தோண்டப்படும் கொடி. களர் மண் உள்ள இடங்களில் உகா மரம். பல்லுக்குக் குச்சி ஒடிப்பது இதில்தான், அரபு நாட்டில் மிஸ்வாக் என்று விற்பதும் இதுதான். இந்தச் செடிகளும் இவற்றின் நெருங்கிய உறவுகளும் ஆப்பிரிக்கப் புதர்வெளியிலும் இருக்கின்றன. சங்கஞ்செடி கென்யாவில் அதே சங்கஞ்செடிதான். பூச்சி இங்கே வந்தது என்று சொல்வதைவிட, அதன் சாப்பாடு இருக்கும் இடமெல்லாம் அது இருக்கிறது என்று சொல்வது சரி.

தொண்டை மண்டலத்துச் சமவெளியில் பார்க்கக் கிடைக்கும் கொலோட்டிஸ் முக்கியமாக நான்கு. முதலில் சால்மன் அராபி என்று அழைக்கப்படும் கொலோட்டிஸ் அமாட்டா. நுனிநிறம் என்ற குடும்ப வழக்கத்துக்கு இது விலக்கு. சிறகு முழுக்க இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் கலந்த நிறம், சுற்றிலும் அகலமான கறுப்புக் கரை, கரைக்குள் அதே இளஞ்சிவப்பில் சிறு பொட்டுகள். தரையை ஒட்டியே பறக்கும். சங்கஞ்செடியை விட்டு அதிக தூரம் போகாது. சிறகை மூடி உட்கார்ந்துவிட்டால் அடிப்பக்கம் வெளிறிய மஞ்சள். சருகுக்கு நடுவில் கண் அதைத் தவறவிடும்.

இரண்டாவது, கிரிம்ஸன் டிப். கொலோட்டிஸ் டானே. நான்கில் அழகு இதுதான் என்பது என் கட்சி. ஆண்பூச்சியின் வெள்ளைச் சிறகில் நுனி மட்டும் குங்குமச் சிவப்பு; அந்தச் சிவப்பைச் சுற்றிக் கறுப்புக் கோடு; சிறகின் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு. பெண்பூச்சியில் சிவப்பு மங்கி, அதன் குறுக்கே கறுப்புப் புள்ளிகள் ஓடும். சிறகின் அடிப்பாகம் சாம்பல் படிந்தது போலிருக்கும். விழுதி இருக்கும் வேலியோரத்தில் காலை ஒன்பது மணிக்கு மேல் நின்றால் ஆண்பூச்சி வேலி நெடுக ரோந்து போவதைப் பார்க்கலாம். நிற்கவே நிற்காது. படம் எடுக்க வந்தவர் வெட்டுக்காயப் பூண்டின் பூ நிறைய இருக்கும் இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்வது நல்லது. பசித்தால் அது அங்கே வரும்.

மூன்றாவதும் நான்காவதும் ஆரஞ்சு நுனிகள். குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. இரண்டும் வெள்ளை, இரண்டுக்கும் நுனி ஆரஞ்சு. பெரியது கொலோட்டிஸ் அரோரா. பழைய புத்தகங்களில் யூகாரிஸ் என்ற பெயரில் இருக்கும். சின்னது எட்ரிடா, சிறகை விரித்தால் மூன்று, மூன்றரை சென்டிமீட்டர். ஆனால் பறக்கும் பூச்சியின் அளவை யாரும் அளக்க முடியாது, பக்கத்தில் ஒப்பிட இன்னொன்றும் இருக்காது. பார்க்க வேண்டியது ஆரஞ்சுத் திட்டின் உள்விளிம்பை. அரோராவில் ஆரஞ்சு அப்படியே மஞ்சளாகி வெள்ளையில் கரைந்துவிடும். எட்ரிடாவில் ஆரஞ்சுக்கும் வெள்ளைக்கும் நடுவே கறுப்பு வந்து எல்லை கட்டும். சிறகின் நடுவில் பொட்டும் தெளிவாக இருக்கும்.

இதே வேலியில் இன்னொரு ஆப்பிரிக்க உறவும் பறக்கும். பயனீர் என்ற பெலனாய்ஸ் அவுரோட்டா. வெள்ளைச் சிறகு, நரம்பெல்லாம் கறுப்பு, நுனியில் நிறம் கிடையாது. தென்னாப்பிரிக்காவில் கோடை நடுவில் இது கூட்டம் கூட்டமாக வடகிழக்கு நோக்கிப் போகும். ஜோகன்னஸ்பர்க் நகரத்து மக்கள் சன்னல் வழியே பார்ப்பார்கள். கொலோட்டிஸோடு குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

இவ்வளவுதான் என்றால் ஒரு சுவரொட்டியில் முடித்துவிடலாம். முடிக்க முடியாமல் போனதற்கு ஒரு நூற்றாண்டுக் கதை இருக்கிறது.

அமாட்டா, டானே இரண்டுக்கும் பெயர் வைத்தவர் யோஹன் கிறிஸ்டியன் ஃபாப்ரிசியஸ். லின்னேயஸின் மாணவர், டென்மார்க்காரர். 1775-இல் அவர் வெளியிட்ட ஒரே நூலில் இரண்டும் வருகின்றன. அப்போது ஐரோப்பாவுக்கு வந்த மாதிரிகள் கொஞ்சம். ஒரு பூச்சி, ஒரு பெயர், சிக்கலில்லை. நூறு ஆண்டு கழித்து நிலைமை தலைகீழ். காலனி நாடுகளில் பணியாற்றிய அதிகாரிகளும் ராணுவத்தாரும் மிஷனரிகளும் பெட்டி பெட்டியாகப் பூச்சி அனுப்பினார்கள். பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆர்தர் கார்டினர் பட்லர் உட்கார்ந்து பெயர் வைத்துக்கொண்டே இருந்தார். கரை கொஞ்சம் அகலமா, புதிய இனம். அடிப்பக்கம் கொஞ்சம் சிவப்பா, புதிய இனம். இந்தியாவில் கர்னல் சார்லஸ் ஸ்வின்ஹோ, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தை 1883-இல் தொடங்கிய எண்மரில் ஒருவர், தம் பங்குக்குப் பெயர்களைச் சேர்த்தார். அன்று இந்தப் பேரினத்தை டெராகோலஸ் என்று அழைத்தார்கள். பறவையியலாளர் ரிச்சர்ட் பௌட்லர் ஷார்ப்பின் மகள் எமிலி மேரி, 1898 முதல் 1902 வரை இதற்கென்றே படங்களோடு ஒரு தனிநூலைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். நூல் அழகானது. பெயர்களின் காடு அதற்குள்ளும் இருந்தது.

லண்டனில் இருந்தவர்களைக் குறை சொல்வது எளிது. அவர்கள் முன் இருந்தது குண்டூசி குத்திய செத்த பூச்சி. எந்த மாதம் பிடித்தது என்பது பல சீட்டுகளில் இருக்காது. எந்தச் செடியில் முட்டையிட்டது என்பது அநேகமாக எதிலும் இருக்காது.

அதைத் தெரிந்துகொள்ளக்கூடிய இடத்தில் இருந்தவர் கை மார்ஷல். இன்று ஜிம்பாப்வே என்கிற நாட்டில் அப்போது வசித்தார், வயது இருபத்தைந்து சுமாருக்கு. மழைக்காலத்திலும் வறட்சியிலும் ஒரே புதரில் என்னென்ன பறக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தவருக்கு லண்டன் பட்டியல் உறுத்தியது. 1897-இல் டெராகோலஸ் பெயர்களின் இரட்டிப்பு பற்றி ஒரு கட்டுரை எழுதி, இது அதன் மழைக்கால உருவம், அது இதன் பெண் என்று பெயர்களை வரிசையாக அடித்துக்கொண்டே போனார்.

ஆனால் ஒரே இனம் என்று சொல்வது வேறு, நிரூபிப்பது வேறு. அந்த நிரூபணத்தை அவர் செய்தது கொலோட்டிஸில் இல்லை, பிரேசிஸ் ஆக்டேவியா என்ற வேறொரு ஆப்பிரிக்கப் பட்டாம்பூச்சியில். அதன் மழைக்கால உருவம் ஆரஞ்சுச் சிவப்பு. வறட்சிக்கால உருவம் நீலம். சிறகின் வெட்டுகூட வேறு மாதிரி. இரண்டையும் வெவ்வேறு இனமாகவே எல்லோரும் வைத்திருந்தார்கள். 1898-இல் மார்ஷல் சிவப்புப் பெண்ணின் முட்டைகளை வாங்கி வளர்த்தார். கூட்டைப் பிளந்து நீலம் வெளியே வந்தது. பூச்சியியலில் இதைவிடச் சிக்கனமான சோதனை அதிகம் கிடையாது: ஒரு தாய், சில முட்டை, கொஞ்சம் இலை, பொறுமை.

டானேயும் அரோராவும் அந்த அளவுக்கு வேடம் மாற்றுவதில்லை. மழைக்குப் பிறகு பிறக்கும் பூச்சிக்கு மேல்பக்கக் கறுப்பு கனமாக இருக்கும், அடிப்பக்கம் சுத்தமான வெளிர் நிறம். வறட்சியில் பிறப்பதற்குக் கறுப்பு மெலிந்துவிடும், அடிப்பக்கம் மணல் நிறத்தில் அல்லது இளஞ்சிவப்பில் நுண்பொடி தூவியது போல ஆகும். காரணம் யூகிக்கக் கூடியதுதான். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு ஏரிக்கரை பச்சை. பூச்சி பறந்துகொண்டே இருக்கும், துணை தேடும், முட்டையிடும். சித்திரையில் கரை முழுக்க வெந்த மண்ணும் சருகும். நெடுநேரம் சிறகை மூடி உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும் பூச்சிக்கு அடிப்பக்கம்தான் உயிர்.

வெளியே மழையா வெயிலா என்று கூட்டுக்குள் இருக்கும் புழுவுக்கு எப்படித் தெரியும்? இதில் அதிகம் ஆராயப்பட்டதும் ஓர் ஆப்பிரிக்கப் பட்டாம்பூச்சிதான். பைசைக்ளஸ் அனினானா என்ற பழுப்புப் பூச்சி. நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் பால் பிரேக்ஃபீல்டின் குழு பல்லாண்டுகள் வளர்த்தது. புழுப் பருவத்தில் சூடு பட்டால் கூட்டுப்புழுவின் உடலில் எக்டைசோன் என்ற ஹார்மோன் சீக்கிரம் ஏறுகிறது. சிறகில் பெரிய கண்புள்ளிகளோடு மழைக்கால உருவம் பிறக்கிறது. குளிர் பட்டால் ஹார்மோன் தாமதம். கண்புள்ளி இல்லாத வறட்சி உருவம். அந்தப் பூச்சி வாழும் மலாவி நாட்டில் மழைக்காலம் வெப்பமானது, வறட்சிக்காலம் குளிர்ச்சியானது. ஆகவே வெப்பநிலையை வைத்து மழையை முன்கூட்டிச் சொல்லலாம்.

காஞ்சிபுரத்தில் இந்தக் கணக்கு செல்லாது. இங்கே வறட்சி என்றால் அக்கினி நட்சத்திரம். மழை என்றால் குளிர்ச்சி. சூடு பட்டால் மழைக்கால வேடம் என்ற விதியை அப்படியே பின்பற்றும் பூச்சி மே மாதத்தில் கறுப்புக் கரையும் கண்புள்ளியுமாகப் பிறந்து கரிச்சான் வாயில் விழுந்திருக்கும். ஆப்பிரிக்காவுக்குள்ளேயே பைசைக்ளஸின் வெவ்வேறு இனங்கள் அந்தந்தக் காலநிலைக்கு ஏற்ப வெவ்வேறு குறிப்புகளைப் பயன்படுத்துகின்றன என்று பிரேக்ஃபீல்டும் உடன் ஆய்வாளரும் காட்டியிருக்கிறார்கள். வெப்பம் ஒரு குறிப்பு. பகல் நீளம், காற்றின் ஈரம், உணவு இலையின் முற்றல் ஆகியவையும் பூச்சியுலகில் குறிப்புகளாக இருக்க முடியும். இரண்டு கண்டங்களில் ஒரே பெயரில் பறக்கும் டானே, இரண்டு வேறு பஞ்சாங்கம் பார்த்துத்தான் வாழ வேண்டும். எனக்கு இந்தப் பூச்சியில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். குங்கும நுனிகூட இதற்கு அப்புறம்தான்.

குங்கும நுனியையும் விட்டுவிட முடியாது. பட்டாம்பூச்சிச் சிறகில் நிறம் என்பது செதில்களின் நிறம். மற்ற பல குடும்பங்களில் அந்த நிறத்தைத் தருவது வேறு பொருட்கள். பியரிடே குடும்பம் பிடெரின் என்ற நிறமிகளை நம்பியிருக்கிறது. வெள்ளைக்கு லியூகோபிடெரின், மஞ்சளுக்கு சாந்தோபிடெரின், சிவப்புக்கு எரித்ரோபிடெரின். செதிலுக்குள் இவை நுண்ணிய மணிகளாகக் கோத்துக் கிடக்கின்றன. மணிகள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் வெள்ளை அவ்வளவு பளிச்சென்று இருக்கிறது.

ஊதா நுனிக்கு மட்டும் தனியாக ஊதா நிறமி கிடையாது. செதிலுக்குள் சிவப்பு நிறமி. செதிலின் மேலே அடுக்கடுக்கான நுண்வரிகள், அவை நீல ஒளியைத் திருப்பி அனுப்பும். இரண்டும் சேர்ந்து கண்ணுக்கு ஊதா. பாவு ஒரு நிறமும் ஊடை இன்னொரு நிறமுமாக நெய்த மயில்கழுத்துச் சேலையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். கோணம் மாறினால் சாயலும் மாறும்.

பிடெரின்களை முதலில் ஆராயப் புகுந்தவர் பிரெடரிக் கௌலண்ட் ஹாப்கின்ஸ் என்ற ஆங்கிலேயர். 1889-இல் மஞ்சள் பூச்சியின் சிறகு நிறமியைப் பற்றி எழுதினார். 1895-இல் பியரிடே நிறமிகள் பற்றி விரிவாக. சிறுநீரில் வெளியேறும் யூரிக் அமிலத்துக்கு உறவான கழிவுப்பொருளைத்தான் இந்தப் பூச்சிகள் அலங்காரமாகப் பூசிக்கொள்கின்றன என்பது அவர் முடிவு. வேதியியல் விவரத்தில் பிற்பாடு திருத்தம் வந்தது. 1920களில் ஜெர்மனியில் ஹைன்ரிஷ் வீலண்டும் குழுவினரும் நிறமியைப் பிரித்தெடுத்தார்கள். ஹாப்கின்ஸ் உயிர்ச்சத்து ஆய்வுக்குப் போய், அதற்காக 1929-இல் நோபல் பரிசு வாங்கினார்.

அதே ஆண்டுகளில் பம்பாயில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர்களில் பலர் பஞ்சாலைத் தொழிலாளிகள். ஈஸ்ட் சாறு கொடுத்தால் குணமாகிறது என்று 1931-இல் அறிவித்தார். அதிலிருந்த பொருள்தான் ஃபோலிக் அமிலம். அதைச் செயற்கையாகத் தயாரிக்கும் வேலை 1945-இல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் நிறைவேறியது; அந்தக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் பீமாவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். ஃபோலிக் அமில மூலக்கூறின் ஒரு பகுதி பிடெரின். கர்ப்பிணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் மாத்திரையிலும், கூரத்து வேலியில் பறக்கும் ஆரஞ்சு நுனியிலும் வேதியியல் குடும்பம் ஒன்றே. ஹாப்கின்ஸ் பட்டாம்பூச்சியை விட்டு உயிர்ச்சத்துக்குத் தாவினார் என்று நினைத்தோம். அவர் கையில் இருந்த நிறமியே ஓர் உயிர்ச்சத்தின் உறவுக்காரன்.

மறுபடி செடிக்கு வருவோம். பெண்பூச்சி சங்கஞ்செடியை எப்படிக் கண்டுபிடிக்கிறது? தூரத்தில் கண்ணால், பக்கத்தில் வந்ததும் காலால். இலையின் மேல் உட்கார்ந்து முன்கால்களால் தட்டும். பாதத்தில் சுவை உணரும் முடிகள் இருக்கின்றன. தட்டியதும் பிடிக்காவிட்டால் அடுத்த இலை, பிடித்தால் வயிற்றை வளைத்து முட்டை. நீளவாக்கில் வரிகள் ஓடும், கதிர் போல் நுனி குறுகிய முட்டை. வேலியருகே சத்தமில்லாமல் நின்றால் இதை வெறுங்கண்ணால் பார்க்கலாம்.

கால் தேடும் சுவை என்னவென்று நமக்கு நன்றாகவே தெரியும். தாளிக்கும்போது மூக்கில் ஏறுவது அதுதான். கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ் ஆகியவற்றில் குளுக்கோசினோலேட் என்ற பொருள் இருக்கிறது. இலை கடிபட்டதும் அதே இலையில் தனியறையில் இருக்கும் நொதி அதோடு கலந்து காரமான கடுகெண்ணெய்ப் பொருளை உண்டாக்கும். சாதாரணப் பூச்சிக்கு அது நஞ்சு. முருங்கையிலும் பப்பாளியிலும் நாய்க்கடுகிலும் இந்த ஏற்பாடு உண்டு. விழுதி, தொரட்டி, ஆதொண்டை, பூமிச்சர்க்கரை, சங்கஞ்செடி, உகா அனைத்திலும் உண்டு.

1910-இல் ஆம்ஸ்டர்டாமில் வெர்ஷஃபெல்ட் என்ற தாவரவியலாளர் கடுகு உறவுச் செடிகளின் சாற்றைப் பிடிக்காத இலைகளில் தடவி முட்டைக்கோஸ் வெள்ளையனின் புழுக்களுக்குக் கொடுத்தார், தின்றன. நஞ்சு என்று செடி வைத்த பொருளையே இந்தப் பூச்சிகள் சாப்பாட்டு மணியாக எடுத்துக்கொண்டுவிட்டன. 1964-இல் பால் எர்லிக்கும் பீட்டர் ரேவனும் செடியும் பட்டாம்பூச்சியும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டே பரிணமித்தன என்ற வாதத்தை முன்வைத்தபோது இந்தக் குடும்பம் அவர்களுக்கு முக்கியச் சாட்சி. 2004-இல் ஜெர்மனியில் உட்டே விட்ஸ்டாக்கும் குழுவினரும் புழுவின் குடலில் இருக்கும் ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். கடுகெண்ணெய்ப் பொருள் உருவாகும் முன்பே அது வினையைத் திசைதிருப்பி, கொடுமை குறைந்த வேறு பொருளாக மாற்றிவிடுகிறது.

இதில் தாவரவியலாளர்களுக்குக் கொஞ்சம் வெட்கம் சேர வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. சங்கஞ்செடியையும் உகாவையும் கடுகோடு சேர்க்கலாம் என்று தோற்றத்தைப் பார்த்து யாருக்கும் தோன்றாது. வகைப்பாட்டில் அவை வேறெங்கோ உட்கார்ந்திருந்தன. 1990களில் டிஎன்ஏ ஆய்வுகள் வந்து கடுகு, முருங்கை, பப்பாளி, சங்கஞ்செடி எல்லாம் ஒரே வரிசை என்று உறுதிசெய்தன. சால்மன் அராபி அதைக் காலால் தட்டியே தெரிந்துவைத்திருந்தது.

டிஎன்ஏ பூச்சிகளையும் விடவில்லை. கொலோட்டிஸ் பேரினத்தையும் அதன் உறவுகளையும் மரபணுவை வைத்து ஒப்பிட்ட விரிவான ஆய்வு 2011-இல் வெளியானது. வாஸ்ரிக் நசாரி முதல் ஆசிரியர். உடன் எழுதியவர்களில் ஒருவர் டோர்பன் லார்சன். நம்மூருக்கும் ஆப்பிரிக்காவுக்கும் பாலமாக ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால் லார்சனைத்தான் சொல்வேன். தொழிலால் பொருளாதார வல்லுநர், டென்மார்க்காரர், சிறுவயதில் இந்தியாவில் வளர்ந்தவர். 1980களில் நீலகிரி பட்டாம்பூச்சிகளைப் பற்றிப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் தொடராக எழுதினார். 1991-இல் கென்யாவின் பட்டாம்பூச்சிகள், 2005-இல் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு இரண்டு பெருந்தொகுதிகள். சம்பளத்துக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டு இவ்வளவும்.

அந்த ஆய்வு, பேரினத்துக்குள் கட்டியிருந்த பழைய வேலிகளில் சிலவற்றை நகர்த்தியது. கொலோட்டிஸ் என்று ஒரே கூடையில் போட்டிருந்த சில இனங்கள் வேறு கிளைக்குப் போக வேண்டியவை. நிறம் மறுபடி ஒருமுறை தோற்றது. ஆனால் மார்ஷல் வளர்த்துப் பார்த்துச் சேர்த்தவற்றைப் போன்ற பருவ உருவங்களை டிஎன்ஏ பிரிக்காது, பிரிக்கவும் முடியாது. ஒரே தாயின் பிள்ளைகளை எந்த ஆய்வகத்துக்கு அனுப்பினாலும் ஒரே பெயர்தான் வரும்.

ஆகவே கூரம் ஏரிக்கரைக்குப் போகிறவர் என்ன செய்யலாம் என்று கேட்டால் என் பதில் சற்றே சப்பென்று இருக்கும். சிறகை விரித்த படம் எல்லோரும் எடுக்கிறார்கள், அது வேண்டியதுதான். அடிப்பக்கத்தை ஒரு படம் எடுங்கள், பருவம் அங்கேதான் எழுதியிருக்கிறது. முன்சிறகுத் திட்டின் உள்விளிம்பு தெரியும்படி ஒன்று. பெண்பூச்சி உட்கார்ந்த செடியை, முள் தெரியும்படி, இன்னொன்று. தேதி. கடைசி மழை எப்போது பெய்தது என்பதை ஊர்க்காரர் எவரிடமும் கேட்டு எழுதிவையுங்கள். வானிலை நிலையம் சொல்வதைவிட ஏரி பாசனக்காரர் சொல்வது அந்தக் கரைக்குப் பொருத்தம். ஒரு முட்டை கிடைத்தால், இலையோடு வீட்டுக்கு எடுத்துப் போய்க் கண்ணாடிக் குப்பியில் வளர்க்கலாம். முட்டை இருந்த செடியின் புது இலை தினமும் வேண்டும், வேறு இலை கொடுத்தால் பட்டினி கிடந்து சாகும்.

ஏரி தூர்வாரும்போது சீமைக்கருவேலத்தை அகற்ற பொக்லைன் வருகிறது. அகற்ற வேண்டியதுதான், தகராறு இல்லை. ஆனால் ஓட்டுநருக்கு முள் எல்லாம் ஒரே முள். சீமைக்கருவேலத்தோடு சங்கஞ்செடியும் விழுதியும் போய்விடுகின்றன. வீட்டு வேலிகளிலும் இதே கதை, உயிர்வேலி போய்க் கம்பிவேலி. கரையில் எதை விடலாம் என்று வேலை தொடங்கும் முன் ஒருவர் சுண்ணாம்பு அடித்துக் காட்டினால் போதும். சங்கஞ்செடி வேரில் இருந்து தழைக்கும்; மேலே வெட்டியது பிரச்சினை இல்லை, வேரோடு பெயர்ப்பதுதான் பிரச்சினை. தழைத்த இளந்தளிரைத்தான் சால்மன் அராபியின் புழு முதலில் தேடும்.